முதல் காய் சிறப்பு விருந்தினருக்கு

சதுரங்கத்தில் முதல் காயை யார் நகர்த்த வேண்டும் என்று கேட்டால், வெள்ளைக் காய் வைத்திருப்பவர் என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். அகிலச் சதுரங்க வளர்ச்சிப் பேரவையில் போய் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே முதல் காய் சிறப்பு விருந்தினருக்கு. பொன்னாடை போர்த்தி, குத்துவிளக்கு ஏற்றி, அவர் தன்னைப் பற்றிக் கால் மணி நேரம் பேசி முடித்ததும் முதல் மேஜைக்கு அழைத்து வருவார்கள். அவர் ஒரு காயைத் தூக்கித் தோன்றிய இடத்தில் வைப்பார். கேமரா மின்னும். மற்ற இடங்களில் போட்டோ எடுத்து முடித்ததும் அந்தக் காயைப் பழையபடி வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்குவார்களாம். பேரவையின் விதிப்புத்தகத்திலோ, பெரியவர்கள் வைத்த காயைத் திரும்ப எடுப்பது நம் பண்பாட்டுக்கு விரோதம் என்று பதினேழாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

பூவிழி அந்தப் பதினேழாம் பக்கத்தைப் படித்ததில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மரக்காணம் உப்பளத்து மோட்டார் கொட்டகையில் ஆடுகிற ஆட்டம்தான்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. தை மாதம் தொடங்கிப் புரட்டாசி வரைக்கும் பாத்தியில் உப்பு வாருவாள். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே தண்ணீராகிவிடும். அதற்கப்புறம் வேலை இல்லை. அவள் கணவன் கௌதமன் ஆரோவில்லில் தோட்ட வேலை செய்கிறான். ஆறு வருடத்துக்கு முன்னால் அங்கே ஒரு வெள்ளைக்காரர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனபோது, வேண்டாமென்று கொடுத்த தட்டுமுட்டுச் சாமான்களோடு ஒரு சதுரங்கப் பெட்டியும் வந்து சேர்ந்தது. மூடியின் உள்பக்கம் விதிகள் ஆங்கிலத்தில் இருந்தன. உப்பளத்தில் தண்ணீர் இறைக்க மோட்டார் போடுகிற அந்தோணிசாமி பத்தாவது வரை படித்தவர். அவர் எழுத்துக்கூட்டிப் படிக்க, மற்றவர்கள் காயை நகர்த்திப் பார்க்க, அந்த மழைக்காலம் முடிவதற்குள் பதினோரு பேர் ஆடக் கற்றுக்கொண்டார்கள். பன்னிரண்டாவது ஆளான கலியனுக்குக் கடைசி வரை ஒரு பிடிவாதம் மட்டும் போகவில்லை. பொம்பளையை எதுக்குச் சண்டைக்கு அனுப்பணும் என்று ராணியை வெளியே எடுக்கவே மாட்டார். எல்லோரிடமும் தோற்றுவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்.

கொட்டகையில் யாரும் ஆட்டத்தை எழுதி வைப்பதில்லை. தகராறு வந்தால், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பவர் ஒரு வார்த்தை சொல்வார். அதோடு சரி. உப்பளத்து வேலையிலும் அதுதான் வழக்கம். குனிந்து வாருகிறவர்களுக்கு யார் மடையைத் திறந்தது, யார் பாத்தியில் யார் கால் பட்டது என்பதெல்லாம் தெரியாது. வரப்பில் நிற்கிறவர் சொல்வார், இரண்டு பேரும் கேட்டுக்கொள்வார்கள். அதிலும் அந்தோணிசாமி "நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. ஒருமுறை தன் சொந்த மச்சானுக்கு எதிராகவே சொல்லிவிட்டார். மச்சான் கோபித்துக்கொண்டு அவர் மகள் சர்ச்சில் முதல் தடவை நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு அவருடைய வார்த்தைக்கு மதிப்பு இன்னும் ஏறிப்போனது.

போன வருடம் பேரவைக்குத் திடீரென்று கடற்கரையின் ஞாபகம் வந்தது. தேசியப் போட்டிக்கு ஆள் அனுப்புகிற ஒவ்வொரு மாநிலமும் உழைக்கும் மக்களை எந்த அளவுக்கு எட்டியிருக்கிறது என்று மேலிடம் படத்தோடு அறிக்கை கேட்டிருந்தது. உழைக்கும் மக்கள் எங்கே கிடைப்பார்கள் என்று பேரவை தேடியபோது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகும்போது இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியலைப் பார்த்த ஞாபகம் தலைவருக்கு வந்தது. ஒரே வாரத்தில் அந்தோணிசாமி மரக்காணம் வட்டக் கடலோரப் பிரிவு அமைப்பாளராகிவிட்டார். கழுத்தில் மாட்டிக்கொள்ள நீல நாடாவில் ஓர் அட்டை கொடுத்தார்கள். மோட்டார் போடப் போகும்போதும் அவர் அதைக் கழற்றவில்லை.

"இன்னாம்மா யோசிக்கிற?" என்றார் பூவிழியிடம். "வட்டம், மாவட்டம், மாநிலம். மூணே படி. அதுக்கு மேல தேசியப் போட்டி, போபால்ல. நம்ம மாநிலத்துலருந்து ஒரே ஒரு ஆளு. அது நீதான்."

"வீட்ல சிரிப்பாருண்ணே."

"சிரிக்கட்டுமே. அவரு கொண்டாந்த பொட்டிதான? இங்க ஒன்ன ஜெயிக்க எவன் இருக்கான் சொல்லு. எனக்கே ரெண்டு வருஷமா தண்ணி காட்டிக்கினு இருக்கற."

பூவிழிக்கு ஆசை இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பதினாறு வயதிலிருந்து குனிந்தே வேலை செய்கிறவள் அவள். சதுரங்கப் பலகைக்கு முன்னால்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள், அங்கேதான் அவள் யோசித்து முடிக்கும்வரை எதிரே ஒருத்தர் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். தன்னை ஜெயிக்கக்கூடிய ஆள் ஒருத்தரோடு ஆடிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அப்படிப்பட்ட ஆட்கள் போபாலில் இருப்பார்கள் என்று நினைத்தாள்.

வட்ட அளவிலான போட்டி மரக்காணம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. உழைக்கும் மக்கள் படத்தில் நன்றாக விழ வேண்டும் என்பதால் பூவிழியை முதல் மேஜையில், வெளிச்சம் படுகிற வெள்ளைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சிறப்பு விருந்தினர் ஒரு ஜவுளிக்கடைக்காரர். மூலைச் சிப்பாயை எடுத்து இரண்டு கட்டம் தள்ளி வைத்துவிட்டு, பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். பூவிழி அந்தச் சிப்பாயைத் திரும்ப எடுக்கப் போனபோது நடுவர் பதறிப்போய்க் குறுக்கே கையை நீட்டினார்.

"ஏம்மா, பெரியவரு வெச்ச காயி. அத எடுக்கலாமா?"

"நான் இந்தக் காய ஆடலீங்களே."

"ஒனக்கு முன்னாடி ஆசீர்வாதம் ஆடிடுச்சு. இனிமேட்டு நீ ஆடு."

ஆசீர்வாதத்தையும் சேர்த்து ஆடி அவள் ஐந்து ஆட்டத்திலும் ஜெயித்தாள். அடுத்த கட்டத்துக்குப் போக அது மட்டும் போதாது என்று அப்புறம்தான் தெரிந்தது. கடைசியாகத் தோற்றவர், தான் தோற்றதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் தர வேண்டுமாம். கடைசியாகத் தோற்றவர் வானூரில் ஓவிய ஆசிரியர். அந்தோணிசாமி தன் பைக்கில் பூவிழியை ஏற்றிக்கொண்டு மூன்று தடவை வானூர் போனார். முதல் தடவை வாத்தியார் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை, யோசித்துச் சொல்கிறேன் என்றார். மூன்றாம் தடவை கடிதம் கொடுத்தார். 'அன்று எனக்குக் கடுமையான ஜலதோஷம். இருப்பினும் பெண் என்பதால் விட்டுக்கொடுத்தேன். மேற்படியாள் மேலே செல்வதில் எனக்கு மறுப்பில்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். படித்ததும் பூவிழிக்கு முகம் சுண்டிப்போனது. அந்தோணிசாமிதான் தேற்றினார்.

"வுடும்மா. அவரு இன்னா வேணா எழுதிக்கட்டும். பாத்தவன் நான் இருக்கறேன் இல்ல?"

அந்த வார்த்தை அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

மாவட்டப் போட்டி திண்டிவனத்தில். அங்கே சிறப்பு விருந்தினர்கள் மூன்று பேர். ஆளுக்கொரு காய் நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் நகர்த்தாதவர் மனம் நோகும். முதலாமவர் ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை எடுத்தார். இரண்டாமவர் அதற்கும் பக்கத்துச் சிப்பாயை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். அதை நகர்த்தியிருந்தால் அடுத்த காயிலேயே ராஜா மாட்டி ஆட்டம் முடிந்திருக்கும். நல்லவேளையாக அவருடைய பொன்னாடை தோளிலிருந்து நழுவியது. அதைப் பிடிக்கப் போனவர் கைக்கு அகப்பட்ட குதிரையை எடுத்து வைத்துவிட்டு நகர்ந்தார். மூன்றாமவர், மற்ற இருவரையும்விட ஒரு படி மேலான பதவியில் இருப்பவர் என்பதால், தனக்கு இரண்டு காய் என்றார். கொடுத்தார்கள். பூவிழி அங்கேயும் ஜெயித்தாள். பேரவை அந்தோணிசாமியை மாநில இணைச் செயலாளராக்கியது. இந்தத் தடவை அட்டையின் நாடா மஞ்சள். அவர் பேச்சில் 'மேற்படி', 'பரிசீலனை' என்றெல்லாம் வார்த்தைகள் வந்து விழத் தொடங்கின. கொட்டகையில் கலியன், "அந்தோணிக்கு இன்னாப்பா ஆச்சு, டீ குடிக்கவே பரிசீலனை பண்றான்" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அந்தோணிசாமியும் சிரித்தார்.

மாநிலப் போட்டி சென்னையில் ஒரு பெரிய அரங்கில் நடந்தது. குளிர் ஏற்றிய அரங்கு. பூவிழி சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு நான்கு நாள் ஆடினாள். கடைசிச் சுற்றுக்கு வந்தபோது அவளும் சத்யப்ரியா என்ற பெண்ணும் சமமாக நின்றார்கள். சத்யப்ரியா பேரவைத் தலைவர் பிரபாகரனின் அண்ணன் மகள். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண். இந்த ஆட்டத்தில் ஜெயிப்பவர் போபாலுக்குப் போவார்.

கடைசி நாள் என்பதால் மேடையில் ஏழு பேர். ஏழு பேருக்கும் தலா ஒரு பொன்னாடை, தலா ஓர் உரை, தலா ஒரு காய். உரை நடக்கும்போது ஆட்டக் கடிகாரத்தை நிறுத்தலாமா என்று பூவிழி கேட்டாள். நிறுத்தினால் பேசுகிறவர் பேச்சுக்கு மதிப்பில்லை என்று ஆகிவிடும் என்றார் தலைமை நடுவர். ஆகவே பூவிழியின் கடிகாரம் ஓட, விருந்தினர்கள் பேசினார்கள். ஒருவர் தன் பாட்டனார் யானை வைத்திருந்ததைச் சொல்லி யானையை நகர்த்தப் போனார். முன்னால் சிப்பாய் இருந்ததால் வழியில்லை. சிப்பாயை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நகர்த்தட்டுமா என்று கேட்டார். அதற்கு மட்டும் விதியில் இடமில்லை என்று வருத்தத்தோடு மறுத்தார்கள்.

தலைவர் பிரபாகரன் கடைசியாகப் பேசினார்.

"எங்கள் பேரவையில் திறமைக்கு முழு மரியாதை உண்டு. திறமை என்பது ஒரு தகுதிதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது ஒன்றே தகுதி என்று சொல்லிவிட்டால் மற்ற தகுதிகள் உள்ளவர்கள் எங்கே போவார்கள்? நானே இருக்கிறேன். எனக்கு இந்த ஆட்டம் ஆடத் தெரியாது. பதினெட்டு வருடமாகத் தலைவராக இருக்கிறேன். ஆடத் தெரிந்திருந்தால் ஒரு பக்கம் சாய்ந்திருப்பேன். தெரியாததால்தான் நடுநிலையோடு இருக்க முடிகிறது."

அரங்கம் கைதட்டியது. அவரும் வந்து ஒரு காயை வைத்துவிட்டுப் போனார்.

இந்த ஏழு காய்க்கும் சத்யப்ரியா என்ன செய்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். விருந்தினர் ஒருவர் வைக்கும்போது அவள் குதிரையை வெளியே எடுத்தாள். அடுத்தவர் வைக்கும்போது அதே குதிரையைப் பழைய இடத்தில் வைத்தாள். ஏழு தடவையும் அப்படியே செய்தாள். பூவிழி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண் தலையைத் தூக்காமல், "ஆரம்பிக்கலாங்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

பூவிழியின் கடிகாரத்தில் பதினோரு நிமிடம் மீதி இருந்தது. பேரவை கொடுத்த குறிப்புத் தாளில் ஒவ்வொரு காயையும் குறித்துக்கொண்டே அவள் ஆடினாள். விருந்தினர் ஏழு பேரும் திறந்து போட்டுவிட்டுப் போன கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்தாள். பிறகு சத்யப்ரியாவின் யானை ஒன்றைப் பிடித்தாள். ஒன்றரை நிமிடம் மிச்சம் இருக்கும்போது எதிரி ராஜா மூலைக்குப் போய்விட்டது. இன்னும் இரண்டே காயில் மேட். சத்யப்ரியாவுக்கும் அது தெரிந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டுத் தோற்பதற்குத் தயாராக உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மெத்தைக் கம்பெனி முதலாளி திரும்பி வந்தார். மேடையில் முதல் நாற்காலிக்காரர் அவர்தான். காலையில் எடுத்த படத்தில் கண்ணை மூடியிருந்தாராம், இன்னொரு படம் வேண்டும். முதல் மேஜைக்கு வந்தார், பூவிழியின் வெள்ளை ராஜாவைக் கையில் தூக்கினார், கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

"பாவம், ராஜா காலைலருந்து நின்னுகிட்டே இருக்காரு. கொஞ்சம் படுக்கட்டும். நம்ம மெத்தையில படுத்தா ராஜாவுக்கும் நல்லாத் தூக்கம் வரும்" என்று சொல்லி, ராஜாவைப் பலகையில் பக்குவமாகப் படுக்க வைத்தார். கேமரா நான்கு தடவை மின்னியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் போய்விட்டார்.

தலைமை நடுவர் வந்து பலகையைப் பார்த்தார். அவர் கண்ணில் பட்டது ஒரே ஒரு விஷயம்தான். சதுரங்கத்தில் தன் ராஜாவைப் படுக்க வைப்பவர் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். தாளில் எழுதினார். எழுதிக்கொண்டே வாய்விட்டும் சொன்னார்.

"வெள்ளை ராஜா படுத்த நிலை. தோல்வி ஒப்புக்கொள்ளப்பட்டது. கறுப்புக்கு வெற்றி."

"நான் படுக்க வெக்கலீங்க!" பூவிழி எழுந்துவிட்டாள். "அவருதாங்க வெச்சாரு. இப்பதான் போறாரு பாருங்க."

"ராஜா யாருடையதும்மா?"

"என்னுதுங்க."

"அப்ப வேற யாரு படுக்க வெப்பாங்க?"

சத்யப்ரியாவும் எழுந்தாள். "சார், அக்கா தொடவே இல்ல. நான் எதிர்லதான இருந்தேன். ரெண்டு மூவ்ல எனக்கு மேட். நான்தான் தோத்துட்டேன்."

நடுவர் கனிவோடு அவளைப் பார்த்தார். "நீ நல்ல பொண்ணும்மா. ஆனா ஜெயிச்சவங்க சாட்சி சொல்லக் கூடாது. விதி நாப்பத்திரண்டு. பெருந்தன்மையால ஆட்ட முடிவு பாதிக்கப்படக் கூடாது."

"போட்டோ எடுத்திருக்காங்களே சார். அதுல பாருங்க."

"அது விருந்தினர் படம். அவரு ஒப்புதல் இல்லாம பாக்கக் கூடாது. அவரு ஏர்போர்ட் கெளம்பிட்டாரு."

கூட்டம் கூடிவிட்டது. நடுவர் விதிப்புத்தகத்தைப் புரட்டி, அவளுக்கு இரண்டு வழி இருப்பதாகச் சொன்னார். ஆட்டக் குறிப்புத் தாளை வைத்து எழுத்துமூலம் முறையிடலாம், அதை மூன்று பேர் குழு உட்கார்ந்து பார்க்கும். இல்லாவிட்டால் நேரில் பார்த்த ஓர் ஆளின் பெயரைச் சொல்லலாம், அவர் சொல்வதே முடிவு. ஒரு வழியில் போனால் மற்றது அடைபட்டுவிடும்.

"எழுதிக் குடுங்கக்கா" என்று சத்யப்ரியா அவசரமாகச் சொன்னாள். "தாள் உங்க கையிலயே இருக்கு. ஒவ்வொரு மூவும் அதுல இருக்கு. நான் எழுதித் தரட்டுமா?"

பூவிழிக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது. அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் சிரித்தாள்.

"எதுக்கும்மா எழுதணும்? எங்க அண்ணன் இங்கதான நிக்கிறாரு. காலைலருந்து எம்பின்னாடியே நின்னு பாத்துக்கினு இருக்காரு." திரும்பினாள். "அண்ணே, நீ சொல்லுண்ணே."

அந்தோணிசாமி மூன்றடி தூரத்தில் நின்றிருந்தார். தலைவர் பிரபாகரன் அவர் தோளில் கையைப் போட்டார்.

"அந்தோணியா? அவரு நம்ம ஆளாச்சே. போபாலுக்கு அணி மேலாளரா வர்றாரு. கோட்டுக்குக்கூட அளவு குடுத்துட்டாரு. அவரு பொய் சொல்ல மாட்டாரு. சொல்லுங்க அந்தோணி. எதுனாலும் பேரவை உங்க கூட நிக்கும்."

அந்தோணிசாமி பூவிழியின் முகத்தைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நான் பாத்தேன்" என்றார். "பூவிழிதான் ராஜாவப் படுக்க வெச்சுது."

பூவிழிக்கு முதலில் கோபம் வரவில்லை. தப்பாகக் காதில் விழுந்துவிட்டது என்றே நினைத்தாள். அவர் இன்னொரு தடவை சொல்வார் என்று காத்திருந்தாள். அதற்குள் நடுவர் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டார். யாரோ காய்களைப் பெட்டிக்குள் அள்ளிப் போட்டார்கள். சத்யப்ரியா அழுதுகொண்டே போனாள், அவளைப் பிடித்து மாலை போட்டார்கள். ஆறு வருடம் ஒரே கொட்டகையில், ஒரே பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஆடிய மனிதர், மூன்றடி தூரத்தில் நின்று கண்ணால் பார்த்ததை இல்லையென்று சொல்லிவிட்டார்.

கோயம்பேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் கேட்டாள். "ஏண்ணே?"

"நீ வெவரம் புரியாமப் பேசற. ஊருக்குன்னு ஒருத்தர் போனா போதாதா? நம்ம மரக்காணத்து ஆளு பிளேன்ல போறான்னா ஒனக்கும் பெருமதான? நீ அடுத்த வருஷம் ஆடிக்க. வட்டத்துலருந்து ஆரம்பிச்சா ஆச்சு."

"நான் ஜெயிச்சனா இல்லியா, அத மட்டும் சொல்லு."

"அது பரிசீலன முடிஞ்ச விஷயம்" என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார்.

பத்து நாள் கழித்து மரக்காணம் கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். யாருக்குப் பாராட்டு என்று பூவிழிக்குப் புரியவில்லை. வாசலில் கட்டிய பேனரில் அவள் படம்தான் பெரிதாக இருந்தது. மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கைக்கு உழைக்கும் மக்களின் படம் இன்னும் தேவைப்பட்டது. உப்பளத்து ஆட்கள் மொத்தமும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தோணிசாமி மேடையில் புதுக் கோட்டோடு இருந்தார். மார்ச் மாத வெயிலில் அவர் கழுத்து நனைந்து வழிந்தது. பிரபாகரன் பேசினார்.

"தோல்வியை இவ்வளவு மனமுவந்து ஏற்றுக்கொண்ட ஒரு வீராங்கனையை நான் பார்த்ததில்லை. இவரை முன்மாதிரியாக வைத்து, இனி எல்லோரும் தோற்பதற்குப் பழகிக்கொள்ள வேண்டும் என்பதே பேரவையின் அடுத்த ஐந்தாண்டுத் திட்டம்."

பூவிழிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அவளுக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஆனால் இதற்காகத்தான் வந்திருந்தாள். சென்னையில் அந்தோணிசாமி பெரிய மனிதர்கள் நடுவில் நின்றிருந்தார், பயந்துவிட்டார், அதனால்தான் அப்படிச் சொல்லிவிட்டார் என்று பத்து நாளாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். நம் ஜனங்கள் முன்னால் அவருக்கு அந்த வாய் வராது என்று நம்பினாள்.

"எனக்குப் பேசல்லாம் வராதுங்க" என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அண்ணே, இங்க எல்லாரும் நம்ம ஆளுங்கதான். கொட்டாயில எப்பிடிச் சொல்லுவியோ அப்பிடிச் சொல்லு. ராஜாவப் படுக்க வெச்சது யாரு?"

அந்தோணிசாமி எழுந்தார். முன்வரிசையில் இருந்த அத்தனை பேரையும் ஒரு தடவை பார்த்தார். கலியனைப் பார்த்தார், கௌதமனைப் பார்த்தார். கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். அவர் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று பூவிழிக்கு ஒரு கணம் நிச்சயமாகத் தோன்றியது.

"நான் பாத்தேன்" என்றார். "பூவிழிதான்."

முதலில் கைதட்டியவர் கலியன். பிறகு உப்பளத்து ஆட்கள் எல்லோரும் தட்டினார்கள். அவர்கள் மனதில் எந்தக் கள்ளமும் இல்லை. தகராறு வந்தது, பார்த்தவர் சொல்லிவிட்டார், முடிந்தது என்று நிம்மதியாகத் தட்டினார்கள்.

கீழே இறங்கி வந்தவளின் கையைக் கலியன் பிடித்துக்கொண்டார். "அந்தோணி சொல்லிட்டான் இல்ல, வுட்ரும்மா. ஆட்டத்துல தோக்காதவங்க யாரு? நான் தெனம் தோக்கறேன், இதுமாதிரி மைக்கப் புடிச்சுக்கினு கேக்கறனா?"

"மாமா, அவரு பொய் சொல்றாரு மாமா."

கலியனின் முகம் மாறிவிட்டது. கையை விட்டுவிட்டார். "அப்பிடிலாம் பேசாத பூவிழி" என்றார். பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடையில் மூன்று படி ஏறியதும் இவளுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது பூவிழியின் காதிலும் விழுந்தது.

கௌதமன் எக்ஸெல் மொபெட்டை எடுத்து வந்தான். அவள் பின்னால் உட்கார்ந்தாள். உப்பளத்து வளைவில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் திருப்பி, மெதுவாகக் கேட்டான்.

"கோச்சிக்காத. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். என்கிட்ட மட்டும் நெஜத்தச் சொல்லு. தோத்துத்தான போன?"

"வண்டிய நிறுத்து" என்றாள்.

நிறுத்தினான். அவள் இறங்கி ரோட்டோரமாக நடக்கத் தொடங்கினாள். தான் அப்படி என்ன தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று கௌதமனுக்கு விளங்கவில்லை. "பூவிழி, வெயில்ல எதுக்கு நடக்கற, ஏறு" என்று கூப்பிட்டுக்கொண்டே, அவளுக்குப் பின்னால் வண்டியை உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்தான்.